பதினாலு அச்சு

கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். கைக்கு வருகிற காகிதத்தையெல்லாம் படித்துவிடுவான். எனக்கு அது இருபத்திரண்டு வருடமாக இருக்கிறது. விருத்தாசலத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது, புருஷன் பெண்டாட்டி பிரிவது, எல்லைக்கல் பிடுங்குவது எல்லாம் என் மிஷினுக்குள் ஒரு தடவை போய் வந்த பிறகுதான் ஜட்ஜுக்கே தெரியும். படித்துவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. "எழுதினத படிக்காம கையெழுத்துப் போடாதீங்கடா" என்று கத்துவேன். இந்த ஊரில் எவன் கேட்டான்?

கார்த்திகை மாதம், புதன்கிழமை. மூன்று நாளாக விடாத தூறல். உபகாரமேரி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் தெருவில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. பொம்மை கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற வேலை. முக்கியமாகக் கண் எழுதுவாள். ஒரு நாளைக்கு இருநூறு பொம்மைக்குக் கண் எழுதுகிறவளின் கண்ணைப் பார்க்க முடியவில்லை, அப்படி வீங்கியிருந்தது.

"அண்ணே, இத ரெண்டு காப்பி போட்டுக் குடுங்க. அப்புறம் இத டைப் அடிச்சுத் தரணும்."

இரண்டு காகிதம். ஒன்று, பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதிய மகஜரின் நகல். இன்னொன்று பேனாவால் எழுதிய லெட்டர். நான் மகஜரைக் கண்ணாடி மேல் வைப்பதற்கு முன்பே படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவள் புருஷன் ஜெரோமை முந்தின நாள் காலையில் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது தெருவுக்கே தெரியும். சாயந்திரம் ரிமாண்டு ஆகி, கிளைச்சிறையில் வைத்துவிட்டார்கள். என்ன கேஸ் என்றுதான் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். மகஜரில் தெளிவாக இருந்தது. நந்தகுமார் என்பவரின் செராமிக் கம்பெனியில் வேலை செய்யும் ஜெரோம், பொம்மை அச்சு பதினான்கைத் திருடிச் சென்று, தன் வீட்டில் தகரப் பெட்டிக்குள் சேலைகளில் சுற்றி மறைத்து வைத்திருந்ததாகவும், அவை கைப்பற்றப்பட்டதாகவும் எழுதியிருந்தது. கீழே 'சா. உபகாரமேரி' என்று குண்டு குண்டான கையெழுத்து.

"நீ இதுல கையெழுத்துப் போட்டியா?"

"போடச் சொன்னாங்கண்ணே. அச்ச எடுத்துட்டுப் போறோம்ங்கறதுக்குன்னாங்க. போட்டேன்."

"படிச்சியா?"

"அந்த நேரத்துல எங்கண்ணே படிக்கறது? அவுர ஜீப்புல ஏத்திக்கிட்டு இருக்காங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மிஷின் மூடியை டப்பென்று அடித்தேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து அடங்கினேன்.

"மறைச்சு வெச்சிருந்தன்னு எழுதியிருக்குது உபகாரம். ஒளிச்சு வெச்சீங்களா?"

"அய்யோ ஆண்டவரே!" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஈரம் ஏறிடும்னு சுத்தி வெச்சேன்ண்ணே. நாந்தான் வெச்சேன். அவுரு கூட இல்ல."

இது வெளியூர்க்காரனுக்குப் புரியாது. எனக்குப் புரியும், நான் அடுத்த வீட்டில் இருப்பவன். பொம்மை அச்சு என்பது வெள்ளைச் சிமென்ட் மாதிரி இருக்கிற பிளாஸ்டரில் செய்வது. அதற்குள் களிமண் கூழை ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், களிமண் ஓரத்தில் கெட்டியாக நிற்கும், அதுதான் பொம்மை. அச்சு காய்ந்திருந்தால்தான் உறிஞ்சும். வெயில் காலத்தில் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கம்பெனி தகரக் கொட்டகையே ஒழுகும், அச்சு எங்கே காயும்? பொம்மை அச்சிலேயே ஒட்டிக்கொண்டு மூக்கு தனியாக, காது தனியாக வரும். அதனால் ஊற்றுகிற வேலைக்காரர்கள் ராத்திரிக்கு அச்சை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பைச் சுற்றி அடுக்கிவைப்பார்கள். ரொம்பச் சூடும் ஆகாது, பொடிந்துவிடும். சோறு வடித்த பிறகு இருக்கிற கணகணப்பு போதும். காய்ந்த அச்சைத் திறந்து போட்டால் மறுபடி ஈரக்காற்றைக் குடிக்கும். பழைய சேலையில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடுவார்கள். காலையில் ஜெரோம் டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு போவான். நந்தகுமாரின் அப்பா, பெரியவர், உயிரோடு இருந்தவரைக்கும் மழைக்காலத்தில் சாயந்திரமானால் அவரே ஞாபகப்படுத்தி அனுப்புவார். மகன் சென்னையில் படித்துவிட்டு வந்தவன். போன தையில்தான் கம்பெனியில் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கெழமை லீவு. திங்கக்கெழமை கரண்டு இல்லன்னு கம்பெனி தொறக்கல. அதான் ரெண்டு நாளா பெட்டியிலயே இருந்துச்சு. பழைய சேலை பத்தலைன்னு என் கல்யாணச் சேலையையும் எடுத்துச் சுத்துனேன். ஒம்போது புள்ளையாரு, அஞ்சு மாதா. அந்தப் போலீசு ஒண்ணொண்ணா பிரிக்கறப்ப, கல்யாணச் சேலையில சுத்தியிருக்குதுன்னா எவ்ளோ வெலையுள்ளதா இருக்கும்னு கேட்டாருண்ணே."

"நந்தகுமாருக்கு என்ன வந்துச்சு? கேட்டா குடுத்துட்டுப் போறாங்க."

"பொங்கலுக்கு அப்புறம் வேற கம்பெனிக்குப் போறேன்னு இவுரு வாய வுட்டுட்டாரு. அச்சையும் கொண்டு போயிடுவாருன்னு எண்ணிட்டாங்க போல. ஸ்டேஷன்ல எடுத்தியான்னு கேட்டா, எடுத்தேன்னு சொல்லியிருக்காரு. இல்லைன்னா சொல்லுவாரு? எடுத்ததுதான."

லெட்டரைப் படித்தேன். கம்பெனி சூப்பர்வைசர் ராஜாங்கம் எழுதிக் கொடுத்தது. 'நான் தங்கள் கம்பெனியின் அச்சுகளைத் திருடியது உண்மை. மன்னித்து அருளவும். இனி இவ்வூரில் எந்த செராமிக் கம்பெனியிலும் வேலை செய்ய மாட்டேன்.' கீழே ஜெரோம் என்று போட இடம் விட்டிருந்தது.

"இதுல அவுரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, வர்ற வெள்ளிக்கெழமை ஜாமீனு கேக்கறப்ப கம்பெனி தடுக்க மாட்டாங்களாம். அன்னைக்கே வூட்டுக்கு வந்துடுவாராம். ராஜாங்கம்ண்ணன் சொன்னாரு."

"ராஜாங்கம் இந்த அச்சத் தன் கையால வண்டியில கட்டிவுட்டவன்தான?"

"ஆமாண்ணே."

"அவனா இத எழுதிக் குடுத்தான்?"

"அவருக்கும் ரிட்டயராவ ரெண்டு வருசந்தான் இருக்குதாம். என்னா செய்யறதுன்னு அவரும் அழுவுறாரு. அதெல்லாம் வுடுங்கண்ணே. எனக்கு அவுரு வரணும். டைப் அடிச்சுக் குடுங்க."

நான் டைப் அடித்தேன். பிறத்தியான் பிழைப்பில் எதற்குத் தலையிட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் அடித்தேன். 'திருடியது உண்மை' என்ற இடத்தில் கை நின்றது. அப்புறம் அடித்து முடித்து, அச்சாகி வந்த காகிதத்தை அவளிடம் கொடுக்காமல் என் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

"எங்கூட கோர்ட்டு உள்ள வா. இலவச வக்கீலு ஆபீஸ் இருக்குது. அஞ்சு நிமிசம். அப்புறம் நீ எங்க வேணா குடு."

"வக்கீலு வெச்சா வருசக்கணக்கா இழுப்பாங்கண்ணே. வாணாம்."

"வாம்மான்னா!"

சட்டப்பணிகள் குழு ஆபீசில் சண்முகப்ரியா வக்கீல் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். எலுமிச்சை சாதம். ஜலதோஷம் வேறு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். "கொளஞ்சிநாதன் சார், மழையிலயும் ஆள் புடிச்சுக்கிட்டு வர்றீங்களா?" என்று கிண்டல் செய்தாள். மகஜரை வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாதத்தைப் பிசைந்தபடி படித்தாள். படிக்கப் படிக்கப் பிசைவது நின்றது.

"வேலைக்காரர் முதலாளி பொருளத் திருடுனதுன்னு புதுச் சட்டத்துல முந்நூத்தி ஆறு போட்டிருக்காங்க. ஏழு வருசம் வரைக்கும் தண்டனை உள்ளது. அக்கா, பயப்படாதீங்க, வரைக்கும்னுதான் சொன்னேன். ஒளிச்சு வெச்சதுன்னு எழுதினதுதான் கேஸுக்கே தூணு."

"நான் ஒளிக்கலம்மா. ஈரம்…"

உபகாரமேரி அடுப்பிலிருந்து ஆரம்பித்து, சேலை, பெட்டி, கரண்டு கட்டு வரைக்கும் சொன்னாள். வக்கீல் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில், "காய்ஞ்ச அச்ச ஏன் மூடி வெக்கணும்?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு, புரிந்த பிறகு எழுதிக்கொண்டாள்.

"திருட்டுன்னா பொருள எடுத்தா மட்டும் போதாதுக்கா. ஒடையவரு சம்மதம் இல்லாம, ஏமாத்தற நெனப்புல எடுத்திருக்கணும். மழைக்காலத்துல கொண்டு போறதும் கொண்டு வர்றதும் அந்தக் கம்பெனி பழக்கம்னு நாம காட்டிட்டா கேஸு நிக்காது."

"நிக்காதுன்னா, வெள்ளிக்கெழமை வந்துடுவாராம்மா?"

வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேஸு வேற, ஜாமீனு வேறக்கா. வெள்ளிக்கெழமை நான் மனு போடுவேன். கம்பெனி தடுக்கும். அரசு வக்கீலு டைம் கேப்பாரு. ரெண்டு வாரம் ஆவலாம், மூணு வாரமும் ஆவலாம். பொய் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போவ எனக்குத் தெரியாது."

நான் பையிலிருந்து லெட்டரை எடுத்துக் கொடுத்தேன். படித்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"இத குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அக்கா, நல்லா கேளுங்க. போலீசுகிட்ட அவுரு எடுத்தேன்னு சொன்னாரே, அத வெச்சு அவர குத்தவாளியாக்க முடியாது. சட்டமே அப்படி. ஆனா இது அப்படி இல்ல. மொதலாளிக்குத் தானா எழுதிக் குடுத்த லெட்டரு கோர்ட்டுக்கு வந்துடும். வெள்ளிக்கெழமை வெளிய வருவாரு, வாஸ்தவம். நாளைக்கு கேஸு நடக்கறப்ப இந்த ஒரு காகிதம் அவரத் திரும்ப உள்ள தள்ளிடும். நான் பக்கத்துல நின்னு வேடிக்கதான் பாக்கணும்."

"உங்களுக்கு எவ்ளோம்மா தரணும்?"

"ஒண்ணும் தர வேணாம். ஜெயில்ல இருக்கறவங்களுக்கு இலவசம். இந்த வக்காலத்துல அவுரு கையெழுத்து வாங்கணும், அவ்ளோதான். நாளைக்கு ஜெயில்ல அவர மனு பாக்கப் போறப்ப எடுத்துட்டுப் போங்க. எதுல கையெழுத்து வாங்கறதுன்னு நீங்களும் அவரும் பேசிக்கிட்டு முடிவு பண்ணுங்க."

இரண்டு காகிதத்தையும் உபகாரமேரியிடம் கொடுத்துவிட்டாள். நான் என்னவோ வக்கீல் லெட்டரைக் கிழித்துப்போடுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்குக் கோபம்தான்.

உபகாரமேரி இரண்டு காகிதத்தையும் முந்தானைக்குள் நனையாமல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஜெரோம் குவைத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். பெரியவரிடம் ஊற்றுகிற வேலை பழகி, கல்யாணம் முடித்து, மகள் டெய்சி பிறந்து பால்வாடிக்குப் போக ஆரம்பித்தபோது போனான். மகள் பத்தாவது எழுதும்போதுதான் ஒரேயடியாக வந்தான். இப்போது டெய்சி பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஜெரோம் வந்த மூன்று வருடத்தில் அந்த இரண்டு பேரையும் தெருவில் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்து மீன் வாங்கப் போவார்கள், சேர்ந்து துணி காயப் போடுவார்கள். "புதுசா கல்யாணம் ஆனவங்க போறாங்க பாரு" என்பாள் என் பெண்டாட்டி. ஜெரோம் வெட்கப்படவே மாட்டான். "பாக்கி இருக்குது அண்ணி" என்று சிரிப்பான். பன்னிரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு இரண்டு வாரம் பெரிதா என்று தெருவில் ஒருத்தி அன்றைக்குச் சாயந்திரம் கேட்டாள். எனக்கு அவள் வாயிலேயே போட வேண்டும் போல இருந்தது. காத்திருந்து காத்திருந்து தேய்ந்தவளுக்குத்தான் ஒரு நாளும் பொறுக்காது.

வியாழக்கிழமை கிளைச்சிறைக்கு நானும் போனேன். மழை விட்டிருந்தது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஜெரோம் வந்து நின்றான். இரண்டு நாள் தாடி. சட்டை பட்டன் மாற்றிப் போட்டிருந்தான். உபகாரமேரி வலைமேல் விரலை வைத்தாள். அவன் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, அச்சு எங்க இருக்குது?"

"கோர்ட்டுல ஒப்படைச்சிருப்பாங்க."

"தரையிலயா போட்டு வெச்சிருப்பாங்க? ஈரம் ஏறிடுமேண்ணே. அந்த சின்ன மாதா அச்சு ரெண்டு ஊத்துதான் ஊத்தியிருக்கேன். வாய்ப்பு கெடைச்சா பலகை மேல வெக்கச் சொல்லுங்க."

"அடப்பாவி, உன்னயே தரையிலதான்டா போட்டிருக்காங்க" என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"மேரி, சாப்புட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத."

"நீங்க?"

"போடறாங்க. ராஜாங்கம் நேத்து வந்தாரு. லெட்டரு உங்கிட்ட குடுத்திருக்கேன்னாரு. கொண்டாந்தியா? குடு, போட்டுடறேன்."

அவள் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு காகிதமும் இருந்தது எனக்குத் தெரியும். அவள் பைக்குள் கையை விட்டாள், எடுக்கவில்லை.

"வக்கீலம்மா அதப் போட வேணாம்னு சொல்றாங்க. போட்டா பின்னால கேஸு நம்ம மேல நின்னுடுமாம்."

"நிக்கட்டும்டீ. திருடன்னா திருடன். நாலு பேரு சொல்லுவான், சொல்லிட்டுப் போவட்டும். பன்னெண்டு வருசம் அங்க கெடந்தேன். எட்டு பேரு ஒரு ரூம்புல. ஒவ்வொரு நாளும் எங்க வூட்டு அடுப்பங்கரையத்தான் நெனப்பேன். இனிமே ஒரு நாளு கூட முடியாதுன்னு வந்தேன். இங்கயும் எட்டு பேரு ஒரு ரூம்பு. என்னால முடியல. குடு அத."

காவலுக்கு நின்றவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உபகாரமேரி பையிலிருந்து வெறுங்கையை வெளியே எடுத்தாள். பேசினபோது குரல் உடையாமல் வந்தது.

"எனக்கு உங்கள வேணும்ங்க. இப்பவே வேணும். நேத்து சோறு வடிச்சேன், ரெண்டு பேருக்கு வடிச்சுட்டேன். அடுப்பு பக்கத்துல ஒக்காரவே முடியில. இந்த லெட்டர நீட்டுனா நாளைக்கு வந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி பூரா இதத்தான் கையில வெச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் என்னா?"

"நாளைக்கு வர்றவரு எப்படி வருவாரு? அச்சப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. டெய்சி போன் பண்ணா பேச மாட்டாரு. கேஸு வாய்தாக்கு வாய்தா செத்துச் செத்துப் பொழைப்பாரு. அப்புறம் ஒரு நாளு இந்த லெட்டர காட்டி உள்ள போடுவாங்க. அதுக்கு நான் எங்கங்க போயி காத்திருக்கறது? நீங்க திருடல. நான் ஒளிக்கல. இருங்க. இன்னும் கொஞ்ச நாளு இருங்க."

"இருங்கன்னு நீயா சொல்ற?"

"நாந்தான் சொல்றேன். வேற யாரு சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க."

வக்காலத்தை எடுத்துக் காவலரிடம் கொடுத்தாள். ஜெரோம் அதை வாங்கி விரித்தான். அப்புறம், "எங்க போடணும்ண்ணே?" என்று என்னைக் கேட்டான்.

"மொதல்ல படிடா" என்றேன். படித்துவிட்டுத்தான் போட்டான்.

வெளியே வந்ததும் அவள் சிறைச் சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த லெட்டரை நான் வாங்கி எட்டாகக் கிழித்தேன்.

வெள்ளிக்கிழமை மனு போட்டாள் சண்முகப்ரியா. அரசு வக்கீல் அவகாசம் கேட்டார். அடுத்த வாரம் ஜட்ஜ் லீவு. அதற்கடுத்த வாய்தாவில் கம்பெனி தரப்பு, இவன் வெளியே வந்தால் சாட்சிகளை மிரட்டுவான் என்றது. ஜெரோம் யாரை மிரட்டினான்? ஒரு பூனையைக் கூட அதட்டினதை நான் பார்த்ததில்லை. உபகாரமேரி வேலைக்குப் போனாள், வந்தாள். அவளுடையது நந்தகுமார் கம்பெனி இல்லை, வேறு. பொம்மைக்குக் கண் கோணலாக எழுதிவிட்டதாகத் திட்டு வாங்கினாள். சிறையில் மனு பார்க்கிற நாளில் மட்டும் நெற்றியில் வந்து விழுகிற முடியைச் சீவிக்கொண்டு போவாள். என் பெண்டாட்டி கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினால், பாத்திரம் கழுவாமல் அப்படியே திரும்பி வரும், குழம்பும் பாதி இருக்கும். ராஜாங்கம் ஒரு நாள் அவளை வழிமறித்து, "லெட்டரு குடுத்திருந்தா இந்நேரம் வூட்டுல இருப்பாரு தங்கச்சி" என்று சொன்னானாம். "நீங்க கோர்ட்டுல வந்து உண்மைய சொல்லியிருந்தாலும் இருப்பாருண்ணே" என்றாளாம். அதற்குப் பிறகு அவன் அந்தத் தெரு வழியாக வருவதில்லை.

பதினெட்டாவது நாள் ஜாமீன் கிடைத்தது. பொருள் எல்லாம் கைப்பற்றியாகிவிட்டது, முன் வழக்கு எதுவும் இல்லை, அச்சு காய வைக்கிற பழக்கம் விசாரணையில் பார்க்க வேண்டிய விஷயம் என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அதில் ஒருத்தன் நான். கூடவே ஒரு நிபந்தனை. ஜெரோம் திட்டக்குடியில் தங்கி, மறு உத்தரவு வருகிற வரைக்கும் தினமும் காலை பத்தரை மணிக்கு அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

"விருத்தாசலத்துக்கு வரக் கூடாதா?" என்றாள் உபகாரமேரி.

"கொஞ்ச நாளுக்கா" என்றாள் சண்முகப்ரியா. "ஒரு மாசம் ஒழுங்கா கையெழுத்துப் போட்டா, தளர்த்தச் சொல்லி மனு போடலாம். அங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

ஜெரோமின் சித்தப்பா மகன் பிலோமின்ராஜ் திட்டக்குடியில் இருந்தான். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை காலியாக இருக்கிறது, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று போனில் சொன்னான்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு ஜெரோம் வெளியே வந்தான். இருட்டுவதற்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று நானே அவசரப்படுத்தி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வழியில் தெருமுனையில் உபகாரமேரி, "அஞ்சு நிமிசம்ண்ணே" என்று இறங்கி வீட்டுக்கு ஓடினாள். ஜெரோம் ஆட்டோவிலேயே இருந்தான். அவன் வீட்டுக் கதவு அங்கிருந்து தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்குடா, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. உத்தரவில் இருப்பது உத்தரவு. நான் சொல்லவில்லை. அவள் ஒரு பெரிய துணிப்பையோடு திரும்பி ஓடிவந்து ஏறினாள்.

திட்டக்குடி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜெரோம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கீழே நின்ற உபகாரமேரி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த ஆர்டர் காப்பி உங்ககிட்டதான இருக்குது?"

"இருக்குது."

"நல்லா படிச்சுப் பாருங்க. பொண்டாட்டி கூடப் போவக் கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்குதா?"

கண்டக்டர் இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் பஸ் ஸ்டாண்டு விளக்கடியில் நின்று இரண்டு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தேன். கடைசியில் இருக்கிற சீல், கையெழுத்து, தேதி வரைக்கும் படித்தேன்.

"இல்ல உபகாரம். எங்கயும் இல்ல."

கண்டக்டர் விசில் ஊதினான். அவள் வீட்டுச் சாவியை என் கையில் திணித்துவிட்டு, நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.